எப்படி இயங்குகிறது? ஆறு குழிச் சட்டியும் 10,240 ரூபாய் வாடகையும்

பிரெயில் எழுத்தில் ஒரு புள்ளி மேடாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. நடுவாந்தரமாக எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கும் ஒன்றையும் சுழியையும் விட்டால் வேறெதுவும் தெரியாது. லூயி பிரெயில் தன் எழுத்துமுறையை 1829-இல் பாரிஸில் வெளியிட்டபோது கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அவர் செய்துவைத்தது கம்ப்யூட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திப்போனது. 1999-இல் வந்த யுனிகோட் 3.0 பதிப்பில் அந்தப் புள்ளிகள் உலகப் பொது எண் பட்டியலில் இடம்பிடித்தன.

காகிதத்தில் மேடாக இருக்கும் ஒரு புள்ளி, கோப்புக்குள் எண்ணாக எப்படி உட்காருகிறது? மறுபடி எப்படி விரலுக்குத் தட்டுப்படும் புள்ளியாகிறது? இதைப் புரிந்துகொள்ள அடுப்படிதான் சரியான இடம். பணியாரம் சுடப்போகிறோம்.

சட்டி

குழிப்பணியாரச் சட்டி பெரும்பாலும் வட்டமாக இருக்கும். நமக்கு வேண்டியது கொஞ்சம் நீளமான சட்டி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று குழி, அவற்றுக்கு 1, 2, 3 என்று பெயர். வலப்பக்கமும் அதேபோல மூன்று குழி, அவை 4, 5, 6. மாவு ஊற்றிய குழியில் பணியாரம் உப்பிக்கொண்டு மேலே வரும். ஊற்றாத குழி சும்மா கிடக்கும். உப்பியதுதான் புள்ளி. இந்தச் சட்டி முழுவதும் சேர்ந்து பிரெயிலில் ஒரு கட்டம்.

தமிழ் பிரெயிலில் 1-ஆம் குழியில் மட்டும் மாவு ஊற்றினால் ‘அ’. 1, 3 இரண்டிலும் ஊற்றினால் ‘க’. 1, 3, 4 என்றால் ‘ம’. 3, 4, 5 என்றால் ‘ஆ’. ஒவ்வொரு குழியும் நிரம்பலாம் அல்லது காலியாக இருக்கலாம் என்பதால், ஆறு குழிக்கு மொத்தம் 64 விதம்.

ஏன் ஆறு? லூயிக்கு முன்னால் சார்ல் பார்பியே என்ற பிரெஞ்சுக்காரர் 12 புள்ளி வைத்து ஒரு தொடுஎழுத்து செய்திருந்தார். அவ்வளவு உயரமான கட்டம் ஒரே தொடலில் விரல்நுனிக்குள் அடங்காது. விரலை மேலும் கீழும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும். மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் கூரான கருவி ஒன்று கண்ணில் பட்டுப் பார்வையிழந்த லூயி, அந்தப் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். விரலை வைத்த மாத்திரத்தில் முழு எழுத்தும் தெரிந்துவிடும். அதைச் செய்து வெளியிட்டபோது அவருக்கு வயது 20.

பில்

இப்போது கடைக்கு ஆர்டர் வருகிறது: “1, 3, 4 குழியில் மட்டும் ஊற்று.” இதை ஒரே எண்ணாக எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலை வைத்துக் கூட்டினால் முடிந்தது. ஆனால் விலையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முதல் குழி ஒரு ரூபாய், இரண்டாவது இரண்டு, மூன்றாவது மூன்று என்று வைத்தால் 3 ரூபாய் பில்லைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? மூன்றாவது குழி மட்டுமா, முதலும் இரண்டும் சேர்ந்தா?

அதனால் விலை இரட்டித்துக்கொண்டே போகிறது. முதல் குழி 1, இரண்டாவது 2, மூன்றாவது 4, நான்காவது 8, ஐந்தாவது 16, ஆறாவது 32. இப்போது ‘ம’வுக்கு 1 + 4 + 8 = 13 ரூபாய். வேறெந்தக் குழிகளைச் சேர்த்தாலும் 13 வராது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

திரும்பி வருவதும் சுலபம். 28 ரூபாய் பில் ஒன்று கையில் இருக்கிறது. பெரிய விலையிலிருந்து தொடங்குங்கள். 32 அதில் அடங்காது, ஆறாம் குழி காலி. 16 அடங்கும், மீதி 12. அதில் 8 அடங்கும், மீதி 4. அந்த 4 மூன்றாம் குழியின் விலை. ஆக 3, 4, 5 நிரம்பியிருக்கிறது. எழுத்து ‘ஆ’. கம்ப்யூட்டர் செய்வதும் இதே கணக்குதான். அதன் பேச்சில் ஒவ்வொரு குழியும் ஒரு பிட்.

தட்டச்சு செய்யும்போதும் இதே முறை. பிரெயில் விசைப்பலகையில் குழிக்கு ஒன்றாக ஆறு விசை இருக்கும். சாதாரண விசைப்பலகையாக இருந்தால் இடக்கை விரல்களுக்கு எஃப், டி, எஸ், வலக்கைக்கு ஜே, கே, எல் என்று வைத்துக்கொள்வார்கள். ‘ம’ அடிக்க எஃப், எஸ், ஜே மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தி விட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பது இங்கே வழக்கமில்லை. ஒரே அமுக்கில் மொத்த பில்லும் போய்ச் சேர்ந்துவிடும்.

வாடகை

யுனிகோட் என்பது உலகத்து எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பட்டியல். அதில் தமிழ் ‘அ’வுக்கு 2949. பிரெயிலும் 1, 2, 3 என்று முதலிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ள முடியாது, அவை எப்போதோ வேறு குறிகளுக்குப் போய்விட்டன. பிரெயிலுக்கு ஒதுக்கிய இடம் 10240-இல் தொடங்குகிறது. ஆகவே எந்த பில்லானாலும் முதலில் சட்டி வாடகை 10,240 ரூபாய். அதன்மேல் குழிக் கணக்கு. ‘அ’வின் வடிவம் ⠁ 10241. ‘ம’வின் வடிவம் ⠍ 10253. ‘ஆ’வின் வடிவம் ⠜ 10268.

ஒதுக்கிய இடம் 64 எண்ணோடு நிற்கவில்லை, 256 வரை போகிறது. காரணம், கம்ப்யூட்டர் காலத்துச் சட்டியில் அடியில் இன்னொரு வரிசை சேர்ந்தது. இடப்பக்கம் மூன்றாம் குழிக்குக் கீழே ஏழாவது, வலப்பக்கம் ஆறாம் குழிக்குக் கீழே எட்டாவது. ஆங்கிலத்துக்கு இது அவசியப்பட்டது. ஆறு குழியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் காட்ட முன்னால் தனியாக ஒரு கட்டம் போட வேண்டும். நிரல் எழுதுகிறவருக்கோ திரையில் ஓர் எழுத்து இருந்தால் விரலுக்கும் ஒரே கட்டம் வேண்டும், கர்சர் எங்கே நிற்கிறது என்று கணக்குத் தப்பக் கூடாது. ஏழாம் குழியில் மாவு ஊற்றினால் பெரிய எழுத்து என்று ஏற்பாடு செய்ததும் சிக்கல் தீர்ந்தது.

புதுக் குழிகளுக்கு விலை 64, 128. இடத்தை வைத்துப் பார்த்தால் ஏழாவது இடப்பக்கம் மூன்றாவதற்கு நேர் கீழே இருக்கிறது. ஆனாலும் விலைப்பட்டியலில் அதைக் கடைசியில்தான் சேர்த்தார்கள். நடுவில் செருகியிருந்தால் பழைய ஆறு குழி எழுத்துகளின் பில் பாதிக்குமேல் மாறியிருக்கும். இப்போது முதல் 64 எண்கள், அதாவது 10240 முதல் 10303 வரை, முழுக்க ஆறு குழி எழுத்துகள். எட்டுக் குழியும் நிரம்பிய சட்டிக்கு 10495. அதோடு இடம் முடிகிறது.

காலிச் சட்டி

10240 மட்டும் பில்லாக வந்தால்? ஒரு குழியிலும் மாவில்லை, ஆனால் சட்டி அடுப்பில் இருக்கிறது, வாடகையும் ஏறியிருக்கிறது. இதற்கும் சட்டியே இல்லாத வெறும் அடுப்புக்கும் வித்தியாசம் உண்டு. நாம் சொற்களுக்கு நடுவில் விடும் இடைவெளி வெறும் அடுப்பு. அதன் எண் 32. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மென்பொருளுக்கு அப்படியில்லை. யுனிகோட் தன் குறிப்பில் 10240-ஐ இடைவெளி வகையில் சேர்க்கவே இல்லை.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள். பெயர் கட்டாயம் என்று கேட்கும் இடத்தில் இடைவெளியை மட்டும் அடித்தால் மென்பொருள் அதைத் துடைத்துவிட்டுத் திட்டும். காலிச் சட்டியை வைத்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். பெயரில்லாத பயனர், எழுத்தில்லாத செய்தி எல்லாம் இப்படி உருவாகின்றன. பாதிப்பும் உண்டு. பிரெயில் கோப்பு ஒன்றில் சொற்களுக்கு நடுவே காலிச் சட்டியைப் போட்டிருந்தால், இடைவெளியைத் தேடிச் சொல் பிரிக்கும் நிரல் வரி முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

சட்டிக்கு ருசி தெரியாது

இனிதான் முக்கியமான சங்கதி. யுனிகோட் பட்டியலில் ஒவ்வொரு குறிக்கும் எண்ணோடு ஒரு பெயரும் உண்டு. தமிழ் ‘ம’வின் பெயரில் மகரம் என்றே இருக்கும். பிரெயில் குறியின் பெயரிலோ எந்த எழுத்தும் கிடையாது. 10253-இன் பெயர் ‘பிரெயில் பேட்டர்ன் டாட்ஸ் 134’. எந்தெந்தக் குழி நிரம்பியது என்பது மட்டும். வெல்ல மாவா, கார மாவா என்று சட்டியில் எழுதியிருக்காது.

அப்படி விட்டதற்கு நியாயம் இருக்கிறது. ⠾ என்ற வடிவத்தைப் பாருங்கள்; 2, 3, 4, 5, 6 நிரம்பியது. தமிழில் அது ‘ட’. ஆங்கிலச் சுருக்க பிரெயிலில் அதே கட்டம் ‘வித்’ என்ற முழுச் சொல். ⠼ இன்னும் வேடிக்கை. 3, 4, 5, 6 நிரம்பிய இந்தக் கட்டம் தமிழில் ‘ண’. எண்களுக்கு முன்னால் வரும் எண் குறியும் இதுவேதான். பிரெயிலில் எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. ஆங்கில அகரவரிசையின் முதல் பத்து எழுத்துகளின் வடிவங்களையே எண் குறிக்குப் பின்னால் போட்டு எண்ணாக்குவார்கள். 1829 என்று எழுத ⠼⠁⠓⠃⠊ என ஐந்து கட்டம் வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் ⠼ தட்டுப்பட்டால் அது எண் என்று விரல் முடிவு செய்துவிடும். தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காது என்ற இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது.

அப்படியானால் ருசியை முடிவு செய்வது யார்? சமையல் குறிப்பு நோட்டு. இந்த எழுத்து வந்தால் இந்தக் குழிகள், அந்தச் சேர்க்கை வந்தால் இந்தக் கட்டங்கள் என்று மொழிவாரியாக எழுதிவைத்த அட்டவணைகள் இருக்கின்றன. லிப்லூயி என்ற திறமூல மென்பொருளில் தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு இப்படி அட்டவணை உண்டு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் அதைக்கொண்டுதான் திரையில் உள்ள எழுத்தைப் பிரெயிலாக மாற்றுகின்றன.

இந்திய மொழிகளின் நோட்டுகளில் ஓர் ஒற்றுமை உண்டு. முன்பு நம் நாட்டில் ஆளுக்கொரு பிரெயில் முறை புழங்கியது. 1951-இல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே வடிவம். தமிழ் ‘க’வும் இந்தி, தெலுங்கு, வங்காள ககரமும் ⠅ என்ற ஒரே கட்டம். அச்சில் நான்குக்கும் யுனிகோட் நான்கு தனித்தனி எண்கள் தருகிறது, பிரெயிலில் ஒரே எண்தான். ஆகவே பிரெயில் எண்களை மட்டும் கொடுத்து இது எந்த மொழி என்று கேட்டால் கம்ப்யூட்டர் விழிக்கும். எந்த நோட்டைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

‘அம்மா’ சுட்டுப் பார்ப்போம்

கோப்பில் ‘அம்மா’ என்ற சொல் இருக்கிறது. உள்ளே அது ஐந்து எண்: அகரம் 2949, மகரம் 2990, புள்ளி 3021, மறுபடி மகரம் 2990, கால் 3006.

திரைவாசிப்பான் நோட்டைப் பிரிக்கிறது. அகரத்துக்கு ⠁. அடுத்து மகரம், உடனே ஊற்றிவிடக் கூடாது, பின்னால் புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறது. பாரதி பிரெயிலில் மெய்யின் புள்ளிக்குத் தனிக் கட்டம் உண்டு, நான்காம் குழி மட்டும் நிரம்பிய ⠈. நாம் எழுதும்போது மகரத்தை எழுதிவிட்டுத் தலையில் புள்ளி வைக்கிறோம். கோப்பிலும் அதே வரிசை. பிரெயிலில் புள்ளி முன்னால் வர வேண்டும்.  எனவே ⠈⠍. பிறகு மகரம் ⠍, கால் ⠜.

முடிவு: ⠁⠈⠍⠍⠜. எண்களாக 10241, 10248, 10253, 10253, 10268. அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் இரண்டுமே 15 பைட். நடுவில் நடந்த இடமாற்றம் ஒன்றுதான் வித்தியாசம்.

கடைசிப் படி விரல். பிரெயில் காட்சிக் கருவியில் கட்டத்துக்கு எட்டு ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு பட்டை. 10253 வந்ததும் வாடகையைக் கழித்து, 13-ஐப் பிரித்து, 1, 3, 4 ஊசிகளை மட்டும் மேலே தள்ளும். விரல் அதைத் தடவி ‘ம’ என்று படிக்கும்.

யுனிகோட் வருவதற்கு முன்பிருந்தே இன்னொரு கணக்கும் நடந்துகொண்டிருக்கிறது. பிஆர்எஃப் என்ற கோப்பு வகையில் வாடகைச் சமாசாரமே இல்லை. 64 வடிவத்துக்கும் ஆங்கில விசைப்பலகையில் உள்ள 64 குறிகளை நேருக்கு நேராக ஒட்டவைத்துவிட்டார்கள். அதில் ‘அம்மா’ ஐந்தே பைட். ஆனால் சாதாரணத் திரையில் திறந்தால் ஆங்கில ‘ஏ’, பிறகு @, இரண்டு ‘எம்’, கடைசியில் > என்று ஏதோ கிறுக்கலாகத் தெரியும். பிரெயில் அச்சு இயந்திரங்களுக்கு அது பழகிய பாஷை. வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என்று அடித்துத் தள்ளும். புதிய வகைக் கோப்புகள் யுனிகோட் எண்களையே நேரடியாகப் பயன்படுத்துகின்றன, அதனால் இந்தக் குழப்பம் வருவதில்லை.

விரல் கண்டுபிடிக்கும் தப்பு

நோட்டு சரியாக இருந்தாலும் மாவு கெட்டுப்போயிருந்தால் பணியாரம் வராது. தமிழில் மாவு கெடும் இடங்கள் சில உண்டு.

‘கௌரவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியோடு அடிப்பதற்குப் பதில் ‘கெ’ அடித்து, அடுத்து ‘ள’ அடித்து விடுபவர்கள் நிறையப் பேர். திரையில் இரண்டும் அச்சசல் ஒன்றுபோலவே இருக்கும், பிழைதிருத்துபவர் கண்ணிலும் படாது. சரியாக அடித்தால் பிரெயிலில் முதலெழுத்து ⠅⠪. தப்பாக அடித்தால் ⠅⠢⠸, அதாவது ‘கெள’. படிப்பவர் விரலில் ‘கெளரவம்’ என்ற இல்லாத சொல் வந்து நிற்கும். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ வந்துவிடுவதும் இந்த ரகம். கண் சமாளித்துப் படித்துவிடும். ⠜ இருக்க வேண்டிய இடத்தில் ⠗ வந்தால் விரலால் சமாளிக்க முடியாது.

இதைவிட மோசம் பழைய எழுத்துருக்கள். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள், தமிழ் வெறும் மேல்பூச்சு. பிரெயில் கருவி மேல்பூச்சைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். அரசாணையோ பாடப்புத்தகமோ, அது விரலுக்குப் பொருளில்லாத ஆங்கிலக் குப்பையாகப் போய்ச் சேரும். பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பினால் அந்தக் குப்பைகூடக் கிடையாது, அதில் ஓர் எழுத்துக்கும் எண் இல்லை.

பார்வையற்றவர்களுக்கு உதவுவதாக நினைத்து யுனிகோட் பிரெயில் குறிகளைப் பதிவிலும் வலைப்பக்கத்திலும் ஒட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட அதிகமாக அவற்றை வைத்துப் புள்ளிப் படம் வரைபவர்கள் இருக்கிறார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு இரண்டுமே இடைஞ்சல். குரலில் கேட்பவருக்குப் புள்ளி எண்கள் வரிசையாக ஒப்பிக்கப்படலாம், விரலால் படிப்பவருக்குத் தலைகால் புரியாத கட்டங்கள் வரும். பிரெயில் சுடுவது படிப்பவரின் கருவி வேலை. அவர் மொழி தமிழா இந்தியா, சுருக்க பிரெயிலா முழு பிரெயிலா, ஆறு குழியா எட்டா என்பது அந்தக் கருவிக்குத்தான் தெரியும்.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். யுனிகோடில் அடியுங்கள். ஔகாரத்தை ஔகாரமாகவே அடியுங்கள். படமாக அனுப்ப வேண்டி வந்தால் கூடவே எழுத்தாகவும் அனுப்புங்கள். அலுவலகத்திலோ பள்ளியிலோ பழைய எழுத்துருக் கோப்புகள் குவிந்திருந்தால் அவற்றை யுனிகோடுக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. முதலில் பாடப்புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள்.